காருக்கு இட ஒதுக்கீடு

என் மாமனாரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே பாகப்பிரிவினையைப் பேசி முடித்துவிட்டார்கள். அவர் திருக்கோவிலூரில் நாற்பது வருஷம் டாக்டராக இருந்தவர். பெரிய மைத்துனர் வீட்டை எடுத்துக்கொண்டார். சின்னவர் மணலூர்பேட்டைப் பக்கம் இருந்த நஞ்சையை எடுத்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் இருவருக்கும் தங்கை ஞாபகம் வந்தது. "உனக்கு இன்னா வேணும், கேளும்மா" என்றார் பெரியவர். வெண்கலப் பானை, அண்டா, குத்துவிளக்கு என்று ஏதாவது கேட்பாள் என்று எதிர்பார்த்திருப்பார்.

"காரைக் குடுங்க" என்றாள் என் மனைவி.

அண்ணன்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பாவின் காரை என்ன செய்வது என்று பத்து நாளாக ராத்தூக்கம் இல்லாமல் இருந்தவர்கள் அவர்கள். "எடுத்துக்கம்மா. இன்னைக்கே எடுத்துக்கினு போயிடு" என்றார் சின்னவர். பாகப்பிரிவினையில் சண்டை வராத ஒரே அயிட்டம் அதுதான்.

அந்தக் கார் என் மனைவியைவிட இரண்டு வயது மூத்தது. சீமையில் செய்து கப்பலில் வந்தது. கறுப்பு நிறம். முன்னால் இரண்டு பக்கமும் தனித்தனியே துருத்திக்கொண்டிருக்கும் உருண்டை விளக்குகள். ஏறுவதற்கு ஒரு கால்பலகை. கதவுகள் மற்ற கார்களுக்குத் திறக்கிற திசைக்கு நேர் எதிர்த் திசையில் திறக்கும். மாமனார் நோயாளிகளைப் பார்க்க அதில்தான் போவார். கடைசி வருஷங்களில் கம்பவுண்டரும் இன்னும் இரண்டு பேரும் தெருக்கோடி வரை தள்ளினால்தான் கிளம்பும். டாக்டர் போய்ச் சேருவதற்குள் பாதிப் பேருக்குத் தானாகவே குணமாகிவிடும் என்று என் மனைவியே சொல்லிச் சிரிப்பாள். ஆனால் வேறு யாராவது அந்தக் காரைப் பார்த்துச் சிரித்தால் அவளுக்கு மூக்கு சிவந்துவிடும்.

எனக்கு சைக்கிளே தகராறு. அவள்தான் ஓட்டுவாள். பதினைந்து வயதில் தென்பெண்ணை ஆற்று மணலில் அவள் அப்பா கற்றுக்கொடுத்தது. திருக்கோவிலூரிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு அவள் ஓட்ட, நான் பக்கத்தில் மடியில் தண்ணீர்க் குடத்தோடு உட்கார்ந்து வந்தேன். எட்டு மைலுக்கு ஒருமுறை இறங்கி அதன் தாகத்தைத் தணிக்க வேண்டும். வழியில் ஒவ்வொரு ஊரிலும் சனங்கள் முதலில் காரைப் பார்த்தார்கள். அப்புறம் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த சேலை கட்டிய பெண்ணைப் பார்த்தார்கள். கடைசியாகக் குடத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்கள். அந்த மூன்றாவது பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்குக் காது சுடும்.

நாங்கள் வாடகைக்கு இருந்த சந்து காரைவிடக் கொஞ்சம் குறுகல். இதை நாங்கள் கார் சந்துக்குள் பாதி நுழைந்த பிறகுதான் கண்டுபிடித்தோம். இடது பக்கம் சாக்கடை, வலது பக்கம் எதிர்வீட்டுக்காரரின் துணி துவைக்கும் கல். பின்னால் எடுத்து, சந்து முனையில் டீக்கடைக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். ஒரே வாரத்தில் டீக்கடைக்காரர் அதை ஒரு மேஜையாக நியமித்துவிட்டார். பானெட்டின் மேல் காலி கிளாஸ்கள் வரிசையாக நின்றன. பின்கண்ணாடியில் சினிமா போஸ்டர் ஒட்டினார்கள். அதன் மேல் கண்டன ஊர்வல நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒரு வெள்ளாடு மதிய வேளைகளில் கூரை மேல் ஏறி நின்று பஸ் ஸ்டாண்டு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்.

"இங்க பாருங்க" என்றாள் என் மனைவி, ஆட்டுப் புழுக்கைகளைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டே. "இதுக்கு ஒரு இடம் வேணும். மழை படக்கூடாது. ஈரம் ஏறக்கூடாது. எலி இருக்கக்கூடாது. வாரம் ஒருதடவை நான் போயி ஸ்டார்ட் பண்ணணும். நாலுதான். நாலும் இருக்கற இடமா பாருங்க."

நாலுதான். நாங்கள் குடியிருந்த வீட்டில் இந்த நான்கில் ஒன்றுகூடக் கிடையாது என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை.

நான் அப்போது ஒரு அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. சாதிச் சான்றிதழ் கேட்டு வரும் மனுக்கள் என் மேஜை வழியாகத்தான் மேலே போகும். இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்திருந்த எண்பதுகளின் பிற்பாதி அது. எந்தச் சாதிக்கு எவ்வளவு என்பதைத் தவிர டீக்கடையில் வேறு பேச்சே இல்லை. அதுவரை ஒரு பயல் என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை. அந்த வருஷங்களில் மட்டும் எனக்குத் தெருவில் வணக்கம் கிடைத்தது. கார் நிறுத்த இடம் தேடுகிறேன் என்ற செய்தி பரவியதும் வணக்கங்கள் இன்னும் குனிந்து வந்தன.

"சார், நம்ம வூட்டுப் பின்னால ஷெட்டு ஒண்ணு சும்மாதான் கீது. நம்ம பையன் மனு ஒண்ணு உங்க மேசையில..."

இப்படி ஐந்தாறு பேர். நான் நேர்மையானவன் என்பதைவிட பயந்தவன் என்பதே உண்மை. காருக்காக ஒரு சான்றிதழில் கை வைத்து, நாளைக்கு வேலை போனால், நானும் அந்தக் காருக்குள்தான் குடியிருக்க வேண்டும். எல்லோரிடமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அது போதாதென்று வேறொரு தொல்லையும் இருந்தது. ஒரு தெருவில் போய் இடம் பார்த்தால், மறுநாள் அடுத்த தெருக்காரர் வழியில் நிறுத்துவார். "இன்னா சார், அந்தப் பக்கம் சாஞ்சிட்டீங்க போல?" என்பார். எங்கள் சாதி கேட்கிற கூட்டத்திலும் இல்லை, கேட்காதே என்கிற கூட்டத்திலும் இல்லை. அதனாலேயே இரண்டு பக்கத்தாருக்கும் என் மேல் சந்தேகம்.

கடைசியில் ஒரு ரைஸ் மில்லில் இடம் கிடைத்தது. மில்காரருக்கு என்னிடம் எந்த மனுவும் இல்லை, அதுவே பெரிய தகுதி. கார் நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றது. முதல் வாரம் அது தவிட்டு நிறத்துக்கு மாறியது. இரண்டாம் வாரம் என் மனைவி பின்கதவைத் திறந்தபோது சீட்டுக்குள்ளிருந்து ஒரு பெருச்சாளி தலையை நீட்டி, யார் என்பதைப்போல் பார்த்தது. சீட்டில் குதிரை மயிர் அடைத்திருந்தார்கள். அதைக் குடைந்து பிரசவ வார்டு ஆக்கி, ஏழு குட்டிகள் போட்டிருந்தது.

மில்காரர் வந்து எட்டிப் பார்த்தார். "பயப்படாதீங்கம்மா. இதெல்லாம் நம்ம மில்லு எலிங்கதான். வெளிய போவாது."

"அதுதாங்க எனக்குப் பிரச்சினை" என்றாள் அவள்.

அடுத்த இடத்தை நான் கண்டுபிடித்தேன் என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், கொஞ்ச நாள். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு அம்மன் கோயில். அதன் தேர் நிற்கும் கொட்டகை உயரமானது, தகரம் போட்டது, பூட்டு உள்ளது. கோயில் தர்மகர்த்தா ஒரு காலத்தில் மூலத்தால் உட்கார முடியாமல் ஆறு மாதம் நின்றுகொண்டே நிர்வாகம் பண்ணியவர். அவரை உட்கார வைத்தவர் என் மாமனார். அந்த நன்றியில் உடனே ஒப்புக்கொண்டார். "சாமி தேருக்குப் பக்கத்துல டாக்டர் அய்யா தேரும் நிக்கட்டும்" என்றார்.

அந்த வார்த்தை வேலையைக் காட்டியது. பத்து நாள் கழித்து நாங்கள் போனபோது கார் விளக்குகள் இரண்டுக்கும் குங்குமம் வைத்து மஞ்சள் பூசியிருந்தது. நான்கு டயர்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம். அடுத்த வாரம் பம்பரில் துணியால் ஒரு குட்டித் தொட்டில் கட்டித் தொங்கியது. யாரோ பிள்ளை வரம் கேட்டிருக்கிறார்கள். என் மாமனார் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஊர் ஊராகப் பிரசாரம் பண்ணியவர். அவர் காரில் போய்த் தொட்டில்.

பானெட்டின் மேல் கற்பூரத் தட்டு இருந்தது. என் மனைவி அதை எடுத்துக்கொண்டு நேராகப் பூசாரியிடம் போனாள்.

"இன்னாங்க இது? பெயின்ட்டு மேலயா சூடம் கொளுத்துவீங்க?"

பூசாரி நிதானமானவர். "அம்மா, நான் வைக்கலம்மா. சனங்களே வைக்குது. வர்ற கும்பல்ல பாதி இப்ப அங்கதான் போவுது. ஆத்தாவே கோச்சிக்கப் போறான்னு எனக்குப் பயமா கீது. நீங்க எடுத்துக்கினு போனா எனக்கும் நிம்மதி."

இப்படி, தெய்வத்துக்குப் போட்டியாக வந்தது என்ற குற்றத்துக்காகக் கார் கோயிலிலிருந்து வெளியேற்றப்பட்டது. மறுபடியும் டீக்கடை. மறுபடியும் ஆடு.

மலை யோசனையைத் தந்தவர் கல்வராயன் மலையிலிருந்து வந்த ஒரு விவசாயி. மகளை ஹாஸ்டலில் சேர்க்க மலைசாதிச் சான்றிதழ் கேட்டு ஐந்தாறு தடவை மலை இறங்கி வந்திருந்தார். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு காகிதம் குறையும். ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் மனுவை நானே முதலிலிருந்து எழுதி, என்னென்ன இணைக்க வேண்டும் என்று விவரமாகச் சொல்லி அனுப்பினேன். சான்றிதழ் கிடைத்துவிட்டது. அதற்கு ஒரு மாதம் கழித்து மலைவாழைச் சீப்போடு வீட்டுக்கே வந்தார். நான் தயங்கினேன். "எல்லாம் முடிஞ்சிபோன பெறவுதானே குடுக்கறன், வாங்கிக்கங்க" என்றார். சந்து முனையில் ஆடு நிற்கும் காரைப் பற்றிக் கேட்டார். என் மனைவி தன் நான்கு நிபந்தனைகளையும் சொன்னாள்.

அவர் விரல் விட்டு எண்ணி யோசித்தார். "எங்கூருல கடுக்காய் போட்டு வைக்கற கிடங்கு ஒண்ணு கீது. இப்ப கடுக்காய் எடுக்க ஆளு வர்றதில்ல, சும்மா கெடக்குது. நல்ல மண்ணு செவுரு, மேல தழ வேஞ்சது. பக்கத்துலயே எங்க அடுப்பு, அந்தப் பொகைக்கு எலி அண்டாது, கரையான் அண்டாது. ஈரமும் ஏறாது. வாரத்துக்கு ஒருதடவதான் முடியாது, மாசத்துக்கு ஒருக்கா வேணா அம்மா பஸ்ஸுல வந்துட்டுப் போவட்டும்."

நான்குக்கு மூன்றரை. அதுவரை வந்ததில் அதுதான் அதிகபட்சம். எனக்கு வேறொன்றும் பிடித்திருந்தது. மலைக்குப் போனால், எந்தத் தெருப் பக்கம் சாய்ந்தாய் என்று கேட்க ஆள் இல்லை.

ஒரு காலையில் கிளம்பினோம். என் மனைவி ஓட்ட, நான் குடத்தோடு, பின்சீட்டில் மலைக்காரர். மறியல் வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. மறியல் மெயின் ரோட்டில்தானே, நாம் போவது கச்சிராயபாளையம் ரோடு என்று நான் அடித்துச் சொன்னேன். கள்ளக்குறிச்சி தாண்டி அஞ்சாறு மைல் போயிருப்போம். எதிரே ஒரு புளியமரம் சாலைக்குக் குறுக்கே, அப்போதுதான் வெட்டுப்பட்டு, இலைகள் இன்னும் ஆடிக்கொண்டிருக்கக் கிடந்தது. அதன் மேல் ஐம்பது அறுபது பேர்.

தலையில் துண்டு கட்டிய நடுவயதுக்காரர் ஒருவர் முன்னால் வந்தார். அந்த ஊரில் மைக் செட் வாடகைக்கு விடுபவர் என்று பிறகு தெரிந்தது. மைக் இல்லாமலும் அதே சத்தத்தில்தான் பேசினார்.

"எங்க போவுது இந்தக் காரு?"

"மலைக்குங்க" என்றாள் என் மனைவி.

"ஒரு வாரத்துக்கு ஒண்ணும் போவாது. ரோடு பூரா மரம் கீது."

கூட்டத்தில் ஒருவர், "அண்ணே, இந்தக் காரையே குறுக்கால வுட்டுட்டா இன்னா? நமக்கு ஒரு மரம் மிச்சம்" என்றார். பலருக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. நான் குடத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். என் மனைவி கதவைத் திறந்து இறங்கினாள்.

"தாராளமா வுடுங்க. ஆனா இதுக்கு கை பிரேக்கு நிக்காது. ரெண்டு போலீஸ்காரரு தள்ளனா ஓரமா உருண்டுடும். அப்பறம் இன்னா மறியல் அது? நாளைக்கு நாலு பேரு சிரிப்பாங்க."

மைக் செட்காரர் காரைச் சுற்றி வந்தார். தோளால் ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தார். உருண்டது. "அம்மா சொல்றது கரெக்ட்டுதான்டா. மரத்தையே வெட்டுங்க" என்றார்.

வெட்டினார்கள். எங்களுக்குப் பின்னால். இப்போது முன்னால் ஒரு மரம், பின்னால் ஒரு மரம், நடுவில் எங்கள் கார். சந்து, மில், கோயில் என்று அலைந்த காருக்கு ஒருவழியாக யாரும் அசைக்க முடியாத ஒரு இடம் கிடைத்தது.

மலைக்காரர், "நான் குறுக்கு வழியில நடந்து ஏறிக்கறங்க, கிடங்கைக் கூட்டி வைக்கறன்" என்று சொல்லிப் போய்விட்டார். எனக்கு மறுநாள் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அரசாங்க ஊழியன் வராவிட்டால் மறியலில் சேர்ந்துவிட்டான் என்று எழுதிவிடுவார்கள். "வா, நடந்து போய்டலாம்" என்றேன்.

"நீங்க போங்க. நான் காரை வுட்டுட்டு வரமாட்டேன்" என்றாள். மைக் செட்காரரின் மனைவி வந்து, "அவங்க எங்க வூட்டுல இருக்கட்டுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்றார். நான் வெட்டிய மரங்களில் ஏறி இறங்கி, ஒவ்வொரு மரத்திலும் யார், எங்கே போகிறாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்லி, வேட்டி கிழிந்து வீடு வந்து சேர்ந்தேன்.

அந்த நாட்களில் வேறு ஊர்களில் துப்பாக்கிச் சூடு நடந்தது, வீடுகள் எரிந்தன, ஆட்கள் செத்தார்கள். அவை என் கண்ணால் பார்த்தவை அல்ல. அவற்றைப் பற்றி இந்தத் தொனியில் எழுதவும் எனக்கு வராது. நான் பார்த்த மரத்தடியில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் அவளுக்கு மாற்றுச் சேலை எடுத்துக்கொண்டு நடந்து போனேன். அழுதுகொண்டிருப்பாள் என்று வழியெல்லாம் ஆறுதல் வார்த்தைகள் தயார் செய்துகொண்டு போனேன். அவள் ரோட்டோரம் பெரிய குண்டானில் சோறு கிண்டிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் ஏழெட்டுப் பெண்கள். வெயிலில் பெயின்ட் உரியக்கூடாது என்று கார் மேல் காய்ந்த கரும்பு இலைச் சோகையைத் தடிமனாகப் போட்டு மூடியிருந்தார்கள். அதற்குள்ளிருந்து ஒரு ஒயர் வெளியே வந்து மரத்தில் கட்டிய ஒலிபெருக்கிக்குப் போனது. அதில் மைக் செட்காரர் முழங்கிக்கொண்டிருந்தார்.

"அது இன்னா ஒயரு?" என்றேன்.

"கரண்டு கட் பண்ணிட்டாங்க. அவரு பேட்டரி தீந்துபோச்சு. நம்ம பேட்டரியக் குடுத்தேன்."

"குடுத்தியா? நான் கவர்மென்ட் சர்வன்ட்டு!"

"நீங்கதானே. காரு இல்லையே."

சோறு கிண்டிய பெண்கள் சிரித்தார்கள். நான் ஓரமாக உட்கார்ந்தேன். அவர்கள் விட்ட பேச்சைத் தொடர்ந்தார்கள். என் மனைவி மைக் செட்காரரின் மனைவியிடம் கேட்டாள்: "உங்க வூட்டுக்காரரு கேக்கற பங்கு கெடச்சா, அதுல பொம்பளைங்களுக்கு எவ்ளோ?"

அந்த அம்மா கரண்டியை நிறுத்தினார். "அது அவுங்க சொல்லலியே. வாங்கனப்பறம் பாத்துக்கலாம்னுவாங்க."

"எங்கப்பா சொத்துல எனக்கு ஒதுக்கனது இதான்" என்று சோகை மூடிய குவியலைக் காட்டினாள் என் மனைவி.

"உனக்காச்சும் காரு. எங்கப்பன் செத்தப்ப எனக்கு ஒரு ஆடு குடுத்தாங்க. அதையும் எங்கண்ணனே கருமாதிக்கு வெட்டிப்புட்டான்." இதற்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது சிரிப்பினாலா புகையினாலா தெரியவில்லை. எனக்கும் ஒரு தட்டில் சோறு போட்டார்கள். சாப்பிட்டுவிட்டு மறுபடி நடந்தேன்.

ஒரு வாரம் கழித்து போலீஸ் வந்து மரங்களை அறுத்து வழி பண்ணியது. ஆண்கள் எல்லோரும் கரும்புக் காட்டுக்குள் போய்விட்டார்கள். ரோட்டில் மிஞ்சியது கார், ஒயர், ஒலிபெருக்கி, என் மனைவி. நல்ல வேளையாக அன்று நானும் இருந்தேன், அல்லது கெட்ட வேளையாக.

"யாரு காரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"என்னுதுங்க" என்றாள்.

"ஓட்டுனது யாரு?"

"நான்தாங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். "அப்ப நீங்க?"

"நான் பக்கத்துல உக்காருவேங்க" என்றேன். இதைவிட நல்ல பதில் அன்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை.

போராட்டத்துக்குப் பயன்படுத்திய வாகனம் என்று எழுதி, டிராக்டரில் கட்டி இழுத்துப் போனார்கள். பயன்படுத்தியது உண்மைதானே. ஒரு காவல் நிலையத்தின் பின்பக்கத்தில், பறிமுதல் செய்த சாராயக் கேன்களுக்கும் துருப்பிடித்த மொபெட்டுகளுக்கும் நடுவில், புங்கமரத்தடியில் நிறுத்தினார்கள். எனக்கு அலுவலகத்தில் மெமோ கொடுத்தார்கள். அரசு ஊழியரின் மனைவிக்குச் சொந்தமான வாகனம் மறியல் இடத்தில் இருந்தது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தது. மேற்படி வாகனம் நிறுத்த இடம் தேடிச் செல்லும் வழியில் நின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி அதை இரண்டு முறை படித்துவிட்டு, என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, கோப்பில் வைத்தார்.

எனக்கு அந்த மாதங்களில் போலீஸ் ஜீப் சத்தம் கேட்டாலே பயம். என் மனைவிக்கு அப்படி இல்லை. வாரம் ஒருமுறை காவல் நிலையத்துக்குப் போய், "சாட்சிப் பொருள் கெட்டுப்போவக்கூடாதுங்களே" என்று சொல்லி, பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் செய்துவிட்டு வருவாள். கார் மேல் ஆசை விழுந்த ஒரு ஏட்டு தினமும் காலையில் அதைத் துடைத்து வைத்தார். சுற்றிலும் துப்பாக்கியோடு காவல். ஆடு கிடையாது, கற்பூரம் கிடையாது.

"ஏங்க," என்றாள் ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது. "அங்கயே இருந்துட்டுப் போவட்டுமே?"

சோறு எனக்குப் புரையேறியது.

காரை விடுவிக்கக் கோர்ட்டுக்குப் போனோம். வக்கீல் என்னென்னவோ சட்டம் பேசினார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி என் மனைவியையே நேராகக் கேட்டார். "அந்த இடத்துக்குக் கார் ஏம்மா போச்சு?"

"இடம் தேடிக்கினு போச்சுங்க" என்றாள் அவள். கோர்ட்டில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். ஊரே இடம் கேட்டுக்கொண்டிருந்த காலம் அல்லவா. நீதிபதி சிரிக்கவில்லை, ஆனால் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். வழக்கு முடியும்வரை வாகனத்தை ஒரே இடத்தில் வைத்திருக்க வேண்டும், கேட்டால் கொண்டுவர வேண்டும், அந்த இடத்தை எழுதிக் கொடு என்றார். அவள் தயங்காமல் மலையில் இருந்த ஊரின் பெயரை எழுதி, 'கடுக்காய்க் கிடங்கு' என்று கீழே எழுதினாள். இப்படியாகக் கிடங்குக்குக் கோர்ட்டு அங்கீகாரம் கிடைத்தது.

மலைச்சாலையில் கார் முதல் கியரைத் தவிர வேறு கியர் இருப்பதையே மறந்துவிட்டது. ஒரு குடம் போதாமல் வழியில் ஓடைகளில் நிரப்பிக்கொண்டே ஏறினோம். வெள்ளிமலை தாண்டி, ரோடு முடிந்த இடத்தில் மலைக்காரர் இரண்டு மாடுகளோடு காத்திருந்தார். கடைசி ஒரு மைல் மாடுகள் இழுத்தன. என் மனைவி உள்ளே கம்பீரமாக உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டு வந்தாள். நான் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தேன்.

கிடங்கு அவர் சொன்னபடியே இருந்தது. காய்ந்த தரை, கெட்டியான சுவர், புகை வாசனை. ஒரே ஒரு விஷயத்தை அவரும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை. கதவு ஆள் நுழையும் அளவுதான். நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மலைக்காரர் கதவைப் பார்த்தார், காரைப் பார்த்தார். "செவுரு நம்ம செவுருதானே" என்று சொல்லிவிட்டுக் கடப்பாரையை எடுத்தார். அக்கம்பக்கத்து ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஒரு பக்கச் சுவரை இடித்தார்கள். காரை உள்ளே தள்ளினார்கள். அப்புறம் மண்ணைக் குழைத்து, அதே சுவரைத் திரும்பக் கட்டினார்கள். மூன்று நாள் வேலை. கடைசி வரிசை மண்ணை வைக்கும்போது என் மனைவி இடைவெளி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மூன்று நாளில் அவள் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. எனக்கோ பெரிய நிம்மதி. கோர்ட்டே கேட்டாலும், போலீஸே வந்தாலும், ஆடே வந்தாலும் இனி அந்தக் காரை யாரும் எடுக்க முடியாது.

வழக்கு தள்ளிப்போய்த் தள்ளிப்போய், ஒரு நாள் விசாரிப்பாரின்றித் தானே முடிந்தது. இட ஒதுக்கீடும் ஏதோ ஒரு வகையில் வந்தது. என் மேஜையில் மனுக்கள் இரண்டு மடங்காயின. கார் மலையிலேயே இருந்தது. மாதம் ஒருமுறை அவள் பஸ்ஸில் தனியாகப் போய் வருவாள். ஒரு வருஷம் கழித்துத்தான் நான் ஒருமுறை கூடப் போனேன்.

போனால், கிடங்கு வாசலில் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். மலைக்காரரின் மனைவி, தம்பி மனைவிகள், பக்கத்து ஊர்க்காரிகள். சிறிய கதவு வழியாக இரண்டிரண்டு பேராக உள்ளே போவார்கள். ஒருத்தி ஓட்டுகிற இடத்தில், ஒருத்தி பக்கத்தில். இன்ஜின் உறுமும். ஹார்ன் அடிக்கும். ஸ்டியரிங் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திரும்பும். கார் அங்குலம்கூட நகராது. ஐந்து நிமிஷம் கழித்துக் கார் புகையில் இருமிக்கொண்டே, கண்ணில் தண்ணீரோடு, பல்லெல்லாம் தெரிய வெளியே வருவார்கள். என் மனைவி வாசலில் நின்று வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். நானும் போய் நின்றேன்.

"நீங்க எங்க வர்றீங்க?" என்றாள். "உள்ள எடம் இல்ல."

மலைக்காரர் வெளியே வேலி ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் கொடுத்தார். "எனக்கும் இதே பதில்தாங்க" என்றார்.

பதினோரு வருஷம் அந்தக் கார் அங்கே இருந்தது. நாங்கள் சொந்தமாக மனை வாங்கி, முதலில் ஷெட்டும் அப்புறம் வீடும் கட்டினோம். எது முதலில் என்பது அவள் முடிவு செய்தது. சுவரை மறுபடி இடித்துக் காரை வெளியே இழுத்த அன்று, மலைக்காரரின் மனைவி காரை ஒருமுறை சுற்றி வந்தார். "எல்லாம் எடுத்துக்கினு போறீங்க. அந்த ஹார்னை மட்டும் வுட்டுட்டுப் போங்கம்மா" என்றார். என் மனைவி ஒரு நிமிஷம் யோசித்தாள். அப்புறம் குனிந்து, ஸ்பேனரை எடுத்து, ஹார்னைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

ஹார்ன் இல்லாமலேதான் மலை இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் அவள் தலையை வெளியே நீட்டி, "ஓரம் போ, ஓரம் போ" என்று கத்தினாள். நாலாவது வளைவுக்கு அவள் தொண்டை கட்டிவிட்டது. மிச்ச வளைவுகளுக்கெல்லாம் நான் கத்தினேன்.